கினி பிக் 2 இருந்தது 9 ஆகிவிட்டது, இனி எப்படிச் சமாளிப்பது?

உறையூர் மீனா

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பையன் நாலாவது படிக்கிறான், அவன் நச்சரிப்புத் தாங்காமல் அவனுடைய அப்பா தீபாவளி முடிந்ததும் ஒரு ஜோடி கினி பிக் வாங்கி வந்தார். இரண்டும் பெண்தான், குட்டி போடாது, கவலையே வேண்டாம் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். பழுப்பும் வெள்ளையுமாக இருப்பது லட்டு, முழுக் கறுப்பு மிளகு. ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலையில் புல் போடப் போனால் லட்டுவின் பக்கத்தில் மூன்று குட்டிகள், கண் திறந்து, உடம்பு முழுக்க முடியோடு, பிறந்த அன்றே ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்போதுதான் மிளகு ஆண் என்றே எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு வாரத்தில் மிளகைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட்டோம். லட்டுவும் மூன்று குட்டிகளும் பெரிய கூண்டில். அப்படியும் போன வாரம் லட்டு இன்னும் நாலு குட்டி போட்டிருக்கிறது. ஆண் பக்கத்திலேயே இல்லாமல் இது எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. இப்போது வீட்டில் மொத்தம் 9. பையனுக்கு ஒரே கொண்டாட்டம், எல்லாவற்றுக்கும் தின்பண்டப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குத்தான் இது எங்கே போய் நிற்கும் என்று பயமாக இருக்கிறது.

தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். இனிமேல் குட்டி போடாமல் இருக்க எதை எப்போது பிரிப்பது? புதுக் குட்டிகளில் ஒன்று ரொம்பப் பொடியாக இருக்கிறது, அதற்குத் தனியாகப் பால் கொடுக்கலாமா? டிமோத்தி புல் இணையத்தில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, ஒன்பது பேருக்கு ஒரு பாக்கெட் எந்த மூலைக்கு? இங்கே கிடைக்கிற புல்லில் எது சரி? மிளகு முதுகைச் சொறிந்துகொண்டே இருக்கிறது, பின்பக்கம் முடி கொட்டித் தோல் தெரிகிறது, நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறது, அதைப் போடலாம் என்று மாமியார் சொல்கிறார். அப்புறம் திருச்சி வெயில் உங்களுக்கே தெரியும், மே மாதத்தை நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது.

புல்லுக்கட்டு

மீனா அக்கா, இதைப் படித்ததும் முதல் வேலையாகப் போய் முதல் ஈத்துக் குட்டிகள் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். அதில் ஒன்றாவது ஆணாக இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் இன்றைக்கே, நாளைக்கு என்று தள்ளாமல், அதை மிளகு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் ஈத்து எப்படி வந்தது என்றால், கினி பிக் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண்ணுக்குத் திரும்பவும் பருவம் வந்துவிடும். ஆண் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே சினை பிடித்துவிடும், ஒரு வாரம் கழித்துப் பிரித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சினைக் காலம் 59 முதல் 72 நாள். ஜனவரி கடைசி, ஏப்ரல் முதல் வாரம், கணக்கு அப்படியே பொருந்துகிறது. அதனால் மிளகுதான் அப்பா, அதில் மர்மம் ஒன்றும் இல்லை. என் கவலை போன வாரம் லட்டு ஈன்றபோது அந்தக் கூண்டில் வேறு ஆண் இருந்ததா என்பதுதான். முதல் ஈத்துக் குட்டிகளுக்கு இரண்டு மாதம் தாண்டிவிட்டது. ஆண் குட்டிகள் மூன்று வாரத்திலிருந்தே சினைப்படுத்தும் நிலைக்கு வரக்கூடும், பெண் குட்டிகள் நாலு வாரத்தில் பருவத்துக்கு வரும். இவற்றுக்கு அம்மா, அக்கா, தங்கை என்ற கணக்கெல்லாம் கிடையாது. அந்தக் கூண்டில் ஓர் ஆண் இருந்திருந்தால் லட்டுவும் மறுபடி சினையாக இருக்கலாம், கூட இருந்த பெண் குட்டிகளும் சினையாக இருக்கலாம்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், பழகிவிட்டால் சுலபம். தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம், துள்ளி விழுந்தால் கால் உடைந்துவிடும். ஒரு கையால் நெஞ்சுக்கு அடியில் பிடித்து, இன்னொரு கையால் பின்பக்கத்தைத் தாங்கி, வயிறு தெரிகிற மாதிரி உங்கள் மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும். சிறுநீர்த் துவாரத்துக்குச் சற்று மேலே, வயிற்றுப் பக்கமாக, கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். ஆணாக இருந்தால் உள்ளே ஒரு சின்னத் தண்டு விரலில் தட்டுப்படும், லேசாக வெளியேயும் எட்டிப் பார்க்கும். பெண்ணாக இருந்தால் மேட்டில் எதுவும் தட்டுப்படாது, மேலே இரண்டாகப் பிரிந்து கீழே ஒன்றாகச் சேர்கிற பிளவு மட்டும் தெரியும். சந்தேகமாக இருந்தால் மிளகையும் லட்டுவையும் முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் குட்டிகளைப் பார்த்து ஒப்பிடுங்கள். வயிறு பெருத்துத் தெரிகிற பெண்ணை மட்டும் இப்படிச் சாய்த்து அழுத்த வேண்டாம்.

புதுக் குட்டிகளை இப்போதைக்குத் தொட வேண்டாம், மூன்று வாரம் அம்மாவோடு இருக்கட்டும். 21 நாள் ஆனதும் ஆண் குட்டிகளை எடுத்து அப்பாவோடு விட்டுவிடுங்கள். பால் மறக்குமா என்று யோசிக்க வேண்டாம், இரண்டு மூன்று நாளிலேயே புல்லைக் கொறிக்கத் தொடங்கிவிடும், மூன்றாம் வாரத்தில் பால் இல்லாமலே சமாளிக்கும். பெண் குட்டிகள் அம்மாவோடேயே எப்போதும் இருக்கலாம்.

பொடிக் குட்டிக்கு எடை பாருங்கள். சமையலறைத் தராசு போதும், ஒரு கிண்ணத்தில் துணி விரித்து உட்கார வைத்து, தினமும் ஒரே நேரத்தில். பிறந்தபோது பொதுவாக 70 முதல் 100 கிராம் இருக்கும், ஓரிரு நாள் கொஞ்சம் குறைந்தாலும் அப்புறம் தினமும் சில கிராமாவது ஏற வேண்டும். கினி பிக்குக்குக் காம்பு இரண்டே இரண்டுதான், நாலு குட்டி இருந்தால் பொடிசு தள்ளப்பட்டுவிடும். பெரிய குட்டிகள் இரண்டைக் கொஞ்ச நேரம் துணி விரித்த கூடையில் எடுத்து வைத்துவிட்டு, பொடியை அம்மாவோடு விடுங்கள், நாளுக்கு மூன்று நாலு முறை இப்படிச் செய்தாலே தேறிவிடும். பசும்பால் ஊற்றவே ஊற்றாதீர்கள், வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், தவிர சிரிஞ்சில் ஊற்றும்போது மூச்சுக்குழாயில் போய்ச் செத்த குட்டிகள் நிறைய. எடை இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் டாக்டரிடம் போங்கள்.

புல் விஷயத்தில் டிமோத்தியே வேண்டும் என்று இல்லை, நாரும் தரமும்தான் முக்கியம். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்று மென்றுதான் அது தேயும், குடலும் ஓடும். அதனால் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டும், இரவு பகல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். அருகம்புல் மிக நல்லது, பிள்ளையார் கோயில் வாசலில் பூக்காரர்களிடம் மொத்தமாகக் கேட்டால் கட்டுக் கட்டாகத் தருவார்கள். கொழுக்கட்டைப் புல் கிடைத்தால் விடாதீர்கள். கோ-4 என்று மாட்டுக்குப் போடுகிற கம்பு நேப்பியரும் தரலாம், இலை ஓரம் கூர்மையாக இருக்கும், நறுக்கிப் போடுங்கள், அதை மட்டுமே நம்ப வேண்டாம், அருகோடு கலந்து கொடுங்கள். காந்தி மார்க்கெட்டில் மக்காச்சோளம் உரிக்கிறவர்கள் பச்சைத் தோலைக் குவித்து வைத்திருப்பார்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள், என் பிக்குகளுக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. எதுவானாலும் நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்தால் நாள்பட இருக்கும், பூசணம் பிடித்த வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். குதிரை மசால் (லூசர்ன் என்கிற தீவனப் பயிர்) சினையாக இருப்பதற்கும் பால் கொடுப்பதற்கும் குட்டிகளுக்கும் மட்டும். மிளகுக்கு வேண்டாம், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்ந்த பிக்குக்குச் சிறுநீர்ப்பையில் கல் கட்டும். இளஞ்சோளப் பயிரைக் கொடுக்காதீர்கள், அதன் நஞ்சு மாட்டையே சாய்க்கும். சாலையோரப் புல்லும் வேண்டாம். வைக்கோலைக் கீழே விரிக்க வைத்துக்கொள்ளுங்கள், தீனியாக அதில் சத்து போதாது.

தஞ்சாவூர் குமரன்

எங்கள் சித்தப்பா தோட்டத்தில் முயல் கொட்டில் இருக்கிறது, நாலைந்து பிக்கை அங்கே விட்டால் முயலோடு முயலாக வளர்ந்துவிடும். அக்காவுக்கும் பாரம் குறையும். வேண்டுமானால் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏதாவது கல்லூரி ஆய்வகத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன்.

புல்லுக்கட்டு

குமரன், நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் இரண்டும் வேண்டாம். முயல் உடம்பில் எந்தத் தொந்தரவும் காட்டாமல் இருக்கும் போர்டெடெல்லா என்ற கிருமி கினி பிக்குக்கு வந்தால் நிமோனியாவாகிவிடும். முயல் ஓர் உதை விட்டால் பிக் எலும்பு தாங்காது. முயலுக்கு வைட்டமின் சி வெளியிலிருந்து தேவையில்லை, இதற்குத் தேவை, அதனால் தீனியும் ஒத்துவராது. ஆய்வகங்கள் பதிவு பெற்ற வளர்ப்பகங்களிடமிருந்துதான் விலங்குகளை வாங்க வேண்டும், வீட்டுப் பிராணியை வாங்கக் கூடாது. அப்படியே வாங்கினாலும், பையன் பெயர் வைத்து வளர்க்கிற பிராணியை அங்கே அனுப்பச் சொல்லி அக்காவிடம் எப்படிச் சொல்வது? கொட்டிலில் தனியாக, நிழலோடு, கீரி பூனை நுழையாத ஓர் அறை கட்டித் தர முடியும், ஒரே பாலினமாக இரண்டு எடுத்துக்கொள்கிறேன் என்றால் அது வேறு விஷயம், அப்போது யோசிக்கலாம்.

நாமக்கல் கால்நடை

நான் கால்நடை மருத்துவன். மேலே நண்பர் எழுதியது பெரும்பாலும் சரி, மருத்துவப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

மாமியார் சொன்ன உண்ணி மருந்து கூடாது. நாய்க்கான சில மருந்துகள் இந்த மாதிரிச் சிறு பிராணிகளுக்கு நஞ்சு, அளவு தப்பினால் வலிப்பு வந்து போய்விடும். நீங்கள் சொல்கிற அறிகுறி பெரும்பாலும் சொறிப் பூச்சி, டிரிக்ஸாகாரஸ் கேவியே என்று பெயர், கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் குடைந்து வாழும். அரிப்பு தாங்க முடியாமல் சில பிக்குகளுக்கு வலிப்பே வந்துவிடும், அதனால் இதைச் சாதாரண முடி உதிர்தல் என்று விட்டுவிடாதீர்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வோம். மருந்து ஐவர்மெக்டின், எடைக்குத் தக்கபடி, ஒரு முறை போட்டால் போதாது, முட்டையிலிருந்து வருகிற பூச்சிகளுக்காக ஒன்றிரண்டு வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், சினையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவற்றைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூக்கையும் கண்ணையும் சுற்றி வட்டமாக, செதில் செதிலாக முடி கொட்டினால் அது படர்தாமரை, பையனுக்கும் ஒட்டிக்கொள்ளும், தொட்டபின் கை கழுவச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைக் கூண்டின் மேலேயே எழுதி ஒட்டினாலும் தகும். வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் சிரப்பை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினி பிக் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் கிருமி பெருகி, சில நாளில் உயிர் போய்விடும். நாய் பூனை மட்டுமே பார்த்துப் பழகிய இடத்துக்குப் போனால் நீங்களே இதை ஞாபகப்படுத்துங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திருச்சியிலிருந்து நாமக்கல், ஒரத்தநாடு இரண்டு இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முன்னதாகப் பேசிவிட்டுக் கொண்டு போகலாம்.

அப்புறம் வைட்டமின் சி. மனிதனைப் போலவே கினி பிக் உடலாலும் இதைத் தயாரிக்க முடியாது. 1907-இல் நார்வேயில் ஆக்ஸெல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபிரோலிக் இருவரும் கினி பிக்குகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது அந்தக் காலத்தில் மாலுமிகளுக்கு வந்த, ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது, சத்துக் குறைவால்தான் அந்த நோய் என்று நிறுவ அதுதான் வழி திறந்தது. வளர்ந்த பிக்குக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், சினையாக இருந்தால் அந்த மேல் அளவு, சில சமயம் அதற்கும் மேல். நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, இரண்டு விரல் அளவு துண்டே போதும், இனிப்பு என்பதால் அதற்கு மேல் வேண்டாம். பெரிய நெல்லிக்காயில் சின்னச் சீவல், குடைமிளகாய், கொத்தமல்லித் தழை எல்லாம் நல்லது. முருங்கைக் கீரை கொஞ்சமாக, பாலக் எப்போதாவது. தண்ணீரில் வைட்டமின் கலந்து வைக்காதீர்கள், வெளிச்சத்தில் சிதைந்துவிடும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும். தீவன உருண்டையில் சேர்த்திருந்தாலும் மாதக் கணக்கில் கடையில் கிடந்தது என்றால் அதில் சத்து மிச்சம் இருக்காது. மூட்டு வீங்கி நடக்கத் தயங்கினால், தூக்கினால் கத்தினால், சி குறைவு என்று உடனே சந்தேகப்படுங்கள்.

இளம் பெண் குட்டிகள் சினையாகியிருந்தால் ஒரு வகையில் தாங்கும், ஏனென்றால் இடுப்பெலும்பு இன்னும் நெகிழ்கிற வயது. ஆறு ஏழு மாதம் வரை ஒரு முறையும் ஈனாத பெண்ணுக்கு அந்த எலும்பு இறுகிவிடும், அதற்குப் பிறகு சினையானால் குட்டி வெளியே வர முடியாமல் அறுவைக்குப் போக நேரும், தாயும் குட்டியும் பிழைப்பது கஷ்டம். அதனால் இப்போது சினையில்லாத பெண்களை இனி எந்த வயதிலும் ஆணோடு சேர்க்காதீர்கள். நாலைந்து வாரச் சினையை டாக்டர் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார், ஸ்கேனும் உண்டு. கடைசி இரண்டு வாரம் அநாவசியமாகத் தூக்காதீர்கள், கூண்டை மாற்றாதீர்கள், தீனி ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. பருத்த பெண் அந்தச் சமயத்தில் ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே ரத்தத்தில் நஞ்சு ஏறிச் சரிந்துவிடும். தீனியைத் தொடாமல் மூலையில் குன்றி உட்கார்ந்தால் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பேர்ன் வாணி

வணக்கம் மீனா. நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது சுவிஸில் இருக்கிறோம். இங்கே 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மிருகப் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி கினி பிக்கைத் தனியாக வளர்க்க முடியாது, கூட்டமாக வாழும் மிருகம் என்பதால் தன் இனத்தில் ஒரு துணையாவது இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று செத்துவிட்டால் மிஞ்சியதுக்கு வேறு வீட்டிலிருந்து துணையை இரவலாகத் தருகிற ஆட்கள்கூட இருக்கினம். ஆகவே நீங்கள் யாருக்காவது கொடுப்பதென்றால் ஒற்றையாகக் கொடுக்காதீர்கள், இரண்டு சகோதரிகளாகவோ இரண்டு ஆண்களாகவோ கொடுங்கள். ஒற்றையாக இருக்கிறது சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கும், நான் கண்ணால் கண்டது.

எங்கள் மகளிடம் நாலு இருக்குது, மூன்று பெட்டையும் ஒரு நலம் தட்டிய (காயடித்த) கிடாவும். இங்கே அதுதான் வழக்கம், கிடாவுக்கு நலம் தட்டிப் பெட்டைகளோடு விடுவார்கள், கூட்டம் நல்ல அமைதியாக இருக்கும், குட்டியும் இல்லை. சிலர் பருவத்துக்கு வர முதலே, குட்டியிலேயே செய்துவிடுவார்கள், அப்படியானால் உடனேயே பெட்டைகளோடு விடலாம். வளர்ந்த கிடாவுக்குச் செய்தால் ஆறு கிழமை (ஆறு வாரம்) வரை தள்ளி வைக்க வேண்டும், உள்ளே தேங்கின விந்தால் அந்த நாட்களிலும் பெட்டை சினைப்படலாம். உங்கள் ஊரில் செய்கிற வைத்தியர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள், கினி பிக்குக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகினவரா என்று நேராகவே கேளுங்கள். ஒரு அடையாளம் சொல்கிறேன், அறுவைக்கு முன்னம் பட்டினி போடச் சொன்னால் அவருக்கு இந்த மிருகம் பழக்கமில்லை என்று அர்த்தம். இது வாந்தி எடுக்காது, குடல் நின்றால்தான் ஆபத்து, அறுவை தொடங்கும் வரைக்கும் புல் தின்றுகொண்டே இருக்க வேண்டும்.

மிளகை மாசக்கணக்காகத் தனியாக வைத்திருக்கிறீர்கள் என்று வாசிக்க மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. மகன் ஒன்று இருந்தால் கெதியாகத் துணைக்கு விடுங்கோ.

உறையூர் மீனா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நேற்று அவரும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். புல்லுக்கட்டு சொன்ன மாதிரியே முதல் ஈத்தில் ஒன்று ஆண், பெயர் முறுக்கு. மற்ற இரண்டும் பெண். புதுக் குட்டிகளில் இரண்டு ஆண், இரண்டு பெண் என்று தோன்றுகிறது, அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்கிறேன். மிளகையும் முறுக்கையும் அந்தப் பெண் குட்டிகள் இரண்டையும் கொண்டு போய் டாக்டரிடம் காட்டினோம், மிளகுக்குச் சொறிப் பூச்சிதான், ஊசி போட்டார், திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். பெண் குட்டிகளில் ஜிலேபி என்ற ஒன்று சினை, கையில் தட்டுப்படுகிறது என்றார். இன்னொன்று தெரியவில்லை. லட்டுவுக்கு இப்போது சொல்ல முடியாது, ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். பொடிசு தேறுகிறது, பெரியவர்கள் இரண்டு பேரையும் கூடையில் எடுத்து வைத்ததும் அது போய்ப் பால் குடிப்பதைப் பையன் காவல் இருந்து பார்க்கிறான்.

இப்போது இரண்டு கேள்வி. மிளகு பக்கத்தில் முறுக்கை விட்டதும் அப்பன் உறுமிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி அவனைச் சுற்றுகிறான், பல்லைக் கடகடவென்று நெரிக்கிறான். கடித்துக் கொன்றுவிடுவானோ? பின்னால் அந்த இரண்டு பொடியன்களும் சேர்ந்தால் நாலு ஆண் ஆகிவிடும், ஒரே கூண்டு போதுமா? வெயில் பற்றியும் யாராவது சொல்லுங்கள், எங்கள் பால்கனிக்குத் தகரக் கூரை.

புல்லுக்கட்டு

அக்கா, உறுமுவதும் இடுப்பை ஆட்டுவதும் நான்தான் பெரியவன் என்று காட்டுவது, அது நடக்கத்தான் வேண்டும். முறுக்கு ஒதுங்கிப் போனால் இரண்டு நாளில் அடங்கிவிடும். பல்லை நெரிப்பது எச்சரிக்கை, அதோடு இரண்டும் முடியைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் முகத்தைத் தூக்கினால் சண்டை வரும் என்று அர்த்தம், அப்போது கையை உள்ளே விடாதீர்கள், தடித்த துண்டையோ அட்டையையோ நடுவில் போடுங்கள். ரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள். சும்மா சும்மா பிரித்துத் திரும்பச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

நாலு ஆணை ஒன்றாக விட வேண்டாம். இரண்டு இரண்டாக இருந்தால்தான் நிலைக்கும், மூன்றாவது ஆள் வந்தாலே ஒருவன் ஒதுக்கப்படுவான். மிளகு முறுக்கு ஒரு ஜோடி, பொடியன்கள் இரண்டு பேர் ஒரு ஜோடி. அப்பன் மகன் ஜோடி பெரும்பாலும் ஒத்துப்போகும். எதை வைத்தாலும் இரண்டு வையுங்கள், தண்ணீர்ப் புட்டி இரண்டு, புல் வைக்கிற இடம் இரண்டு, ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி இரண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் வாசலும் இரண்டு, ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டு அடி வாங்கக் கூடாது. இரண்டு பேருக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடித் தரை வேண்டும், ஆண்கள் என்றால் இன்னும் கொஞ்சம். கடையில் விற்கிற கம்பிக் கூண்டு அதில் பாதிகூட வராது, அடியில் கம்பி இருந்தால் பாதம் புண்ணாகி வீங்கிவிடும். பிளைவுட் பலகையில் ஓரடி உயரத்துக்கு நாலு பக்கம் அடைத்து, கீழே பிளக்ஸ் விரித்து, அதற்கு மேல் பழைய பருத்திப் போர்வை போட்டால் போதும், தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை. பெண்கள் ஐந்து பேரும் ஒரே இடத்தில் இருக்கலாம். ஆண்களின் இடம் பெண்களுடையதற்குப் பக்கத்தில் வேண்டாம், முடிந்தால் வேறு அறையில், பெண் வாடை மூக்கில் ஏறினால் நேற்று வரை ஒன்றாகப் படுத்திருந்தவர்கள்கூட அடித்துக்கொள்வார்கள்.

வெயில் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். இவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம், நம் மே மாதத்துக்குப் படைக்கப்பட்ட உடம்பு இல்லை. 18 முதல் 24 டிகிரி சுகமாக இருக்கும், 30 தாண்டினாலே ஆபத்து, அதிலும் சினையாக இருப்பவைதான் முதலில் சுருளும். வியர்வை வராது, சூட்டை வெளியேற்ற வேறு நல்ல வழியும் கிடையாது. தகரக் கூரைப் பால்கனியில் ஏப்ரல் முதலே வைக்கக் கூடாது, இன்றைக்கே உள்ளே கொண்டு வாருங்கள். வீட்டில் எது குளுமையான அறையோ அங்கே, தரையிலேயே வையுங்கள். ஏசி இருக்கிற அறை என்றால் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அங்கே மாற்றலாம், காற்று நேராக மேலே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லையென்றால் ஜன்னலில் கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை ஃபிரீசரில் உறைய வைத்து, துண்டில் சுற்றிக் கூண்டு மூலையில் வைத்தால் தானாகவே வந்து சாய்ந்து படுத்துக்கொள்ளும். கடப்பாக்கல் துண்டு இரண்டு போட்டாலும் அதன் மேல்தான் படுக்கும். தண்ணீர்ப் புட்டியின் முனையில் இருக்கிற குண்டை விரலால் தட்டி நீர் வருகிறதா என்று காலை மாலை பாருங்கள், அந்தக் குண்டு அடைத்துக்கொண்டது தெரியாமல் ஒரு பகல் போனாலே கோடையில் தாங்காது.

நீட்டிப் படுத்து, வேக வேகமாக மூச்சு வாங்கி, வாயோரம் எச்சில் ஒழுகி, காது சிவந்து சுட்டால் அது வெப்ப அயர்ச்சி. ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். சாதாரணக் குளிர்ந்த நீரில் துணியை நனைத்துக் காதிலும் பாதத்திலும் ஒற்றியபடியே டாக்டரிடம் கிளம்புங்கள்.

ஜிலேபிக்கு இன்றிலிருந்தே குதிரை மசாலும் நெல்லிக்காய்ச் சீவலும் சேர்த்துக் கொடுங்கள், இன்னும் வளர்கிற வயசு, வயிற்றில் இருக்கிறதுக்கும் சேர்த்துத் தின்ன வேண்டும். ஈனும் வரை அம்மா அக்கா தங்கையோடேயே இருக்கட்டும், லட்டுவுக்குப் பால் இருந்தால் ஜிலேபியின் குட்டிகளையும் குடிக்கவிடும், தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. பிறக்கிறதில் ஆண் இருந்தால் அதுவும் 21 நாளில் இந்தப் பக்கம். பிறந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லிப் பையனிடமே பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். கோவைப் பக்கம் என் தோழி ஒருத்தி பெண் ஜோடி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறாள், புதுக் குட்டிகளில் பெண்கள் இரண்டும் ஆறு வாரம் தாண்டியதும் கொடுக்கத் தோன்றினால் தனிமடலில் சொல்லுங்கள், நானே திருச்சிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.